பழைய காரில் ஆட்டோமேட்டிக் கியர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் ஒரு நாள் கியர் ஒழுங்காக மாறவில்லை என்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது "பாக்ஸ் போச்சு" என்பதுதான். அவசரப்பட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, பாகம் பாகமாகப் பரப்பி வைத்த பிறகு, கோளாறு வெளியே ஒரு ரப்பர் ஹோஸில் இருந்தது என்று தெரிய வந்தால் மனம் நொந்துவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது. கீழே சொல்கிறேன்.

இங்கே பேசுவது கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய, முழுக்க ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பெட்டிகளைப் பற்றி: ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 350, டர்போ 400, ஃபோர்டின் சி4, சி6, கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727, 904, இவற்றின் உறவுக்காரர்கள். பெயர் வேறானாலும் வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எப்போது கியரை மாற்றுவது என்பதை, உள்ளே இரண்டு ஆயில் அழுத்தங்கள் இழுபறி செய்து முடிவு செய்கின்றன. வண்டியின் வேகம் கூடக் கூட கவர்னர் என்ற சுழலும் வால்வு ஒரு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அது மேல் கியருக்குத் தள்ளும். இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறதோ அதற்கேற்ப இன்னொரு அழுத்தம் "இரு, இன்னும் வேண்டாம்" என்று எதிர்த்து நிற்கும். இந்தப் பாரச் செய்தி சில பெட்டிகளுக்கு இன்ஜினின் வேக்குவம், அதாவது அது காற்றை இழுக்கும் உறிஞ்சல், வழியாக வருகிறது, சிலவற்றுக்குக் கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பி அல்லது கேபிள் வழியாக வருகிறது. இரண்டில் ஒன்று தப்பினாலும், உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் புத்தம்புதிதாக இருந்தாலும், கியர் தப்பான நேரத்தில்தான் மாறும்.

அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். மாறும் நேரம் தப்பா, இல்லை மாறிய பிறகு பிடி இல்லையா? நேரம் தப்பு என்றால் பெரும்பாலும் கோளாறு வெளியே இருக்கும். பிடி இல்லை, வழுக்குகிறது என்றால் ஆயில், அல்லது உள் பாகம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, எந்தக் கியர் எந்த வேகத்தில் மாறுகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தியிருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

எதற்கும் முன்னால் ஆயில்

ஆயில் அளவு பார்ப்பதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடேற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு பெட்டிகளில் லீவர் பார்க்கில் இருக்க வேண்டும். டார்க்ஃபிளைட்டில் மட்டும் நியூட்ரலில். அந்தப் பெட்டியில் பார்க்கில் நிற்கும்போது இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஆயிலால் விசையைக் கடத்தும் கன்வெர்ட்டருக்குப் பம்ப் ஆயில் அனுப்பாது, அதனால் பார்க்கில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு இடையே இருப்பது வழக்கமாக அரை லிட்டர் அளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். கூடுதலாக இருந்தாலும் அதே கதிதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் தாங்காது. ஆயில் கூடிவிட்டதால் வழுக்கும் வண்டிக்கு, குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் நிறத்தில் பால் கலந்தது போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதப் பூச்சு தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் அது அதிக நாள் நிற்காது.

ஆயில் வகையும் முக்கியம். அந்தக் காலத்துப் பல ஃபோர்டு பெட்டிகளுக்கு டைப் எஃப், ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் பெட்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை. டைப் எஃப் ஆயிலில் வழுவழுப்பைக் கூட்டும் மருந்து கிடையாது, அதனால் பிடி கெட்டியாக இருக்கும். டைப் எஃப் கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் ஊற்றினால் கியர் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும். வண்டியோடு வந்த கைநூலைப் பாருங்கள்.

தாமதமாக மாறுகிறது, மாறும்போது உதைக்கிறது

மெதுவாக ஓட்டினாலும் இன்ஜின் கத்திக் கத்தித்தான் அடுத்த கியருக்குப் போகிறது, போகும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருக்கிறது. டர்போ 350, டர்போ 400, சி4, சி6 எதுவானாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேக்குவம்.

கியர்பாக்ஸின் பின்பகுதியில் சின்னத் தகர டப்பா போல ஒன்று இருக்கும். அதுதான் மாடுலேட்டர். உள்ளே ஒரு ரப்பர் தோலும் ஸ்பிரிங்கும். இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் குழாய் அதற்கு வரும், குழாயின் இரு முனையிலும் சின்ன ரப்பர் ஹோஸ் துண்டுகள் இருக்கும். வேக்குவம் வந்து சேராவிட்டால் பெட்டி என்ன நினைக்கும்? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார்கள் என்று நினைக்கும். உடனே அழுத்தத்தை ஏற்றும், கியரைத் தள்ளிப்போடும், மாறும்போது ஓங்கி அடிக்கும்.

என்னிடம் முதலில் இருந்த பழைய வண்டியில் டர்போ 350 பெட்டி. இதே அறிகுறி. பார்த்த மெக்கானிக் ஓவர்ஹால் என்றார், நானும் தலையாட்டினேன். பெட்டியை இறக்கிப் பிரித்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. திரும்ப மாட்டும்போதுதான் மாடுலேட்டர் பக்கத்து ஹோஸ் துண்டு கையோடு பிய்ந்து வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். வருடக்கணக்கில் ஆயிலில் ஊறி உப்பி, அடிப்பக்கம் நீளமாக வெடித்திருந்தது. அன்றிலிருந்து கியர் தாமதம் என்று யார் சொன்னாலும் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து அந்தத் துண்டைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

சோதிக்கும் முறை இது. இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது மாடுலேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றுங்கள். உஸ் என்று காற்றை இழுக்கிறதா, இன்ஜின் ஓட்டம் மாறுகிறதா? வேக்குவம் கேஜ் இருந்தால் அந்த முனையிலேயே போட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண இன்ஜினில், கடல் மட்டத்துக்கு அருகே, 17 முதல் 20 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். மேனிஃபோல்டில் 18 காட்டி மாடுலேட்டர் முனையில் 8 காட்டினால் வழியில் எங்கோ ஒழுகுகிறது. இரண்டிலும் குறைவு என்றால் கோளாறு கியர்பாக்ஸிலேயே இல்லை. இக்னிஷன் டைமிங், கார்புரேட்டர் கேஸ்கெட், வால்வு என்று இன்ஜின் பக்கம் போங்கள். இன்ஜின் சரியில்லாத வண்டியில் கியரைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

கார்புரேட்டர் மாற்றிய பிறகு இந்த அறிகுறி தொடங்கியிருந்தால், ஹோஸை எந்த முனையில் செருகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கார்புரேட்டரில் சில முனைகள் த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கும், ஐடிலிங்கில் அங்கே வேக்குவம் இராது. அவை டிஸ்ட்ரிபியூட்டருக்கானவை. மாடுலேட்டருக்கு நேராக மேனிஃபோல்டு வேக்குவம்தான் வேண்டும்.

ஹோஸைக் கழற்றியதும் அதன் உள்ளேயோ மாடுலேட்டரின் கழுத்துக்குள்ளேயோ பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுப் பாருங்கள். சிவப்பு ஆயில் ஒட்டி வந்தால் உள்ளே இருக்கும் தோல் கிழிந்திருக்கிறது. இந்த வண்டி கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜினுக்குள் உறிஞ்சி எரிக்கும். தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே போகும், சைலன்சரில் வெண்புகை வரும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்தவர்களும் உண்டு. மாடுலேட்டரை மாற்றுவதோ ஒரு போல்ட்டும் கிளாம்பும் கழற்றும் வேலைதான், சில ஃபோர்டு பெட்டிகளில் அது நேராகத் திருகிக் கழலும். கழற்றும்போது பின்னால் இருக்கும் சின்ன ஊசி வால்வு நழுவி விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில மாடுலேட்டர்களில் கழுத்துக்குள் ஒரு ஸ்குரூ இருக்கும். உள்ளே திருகினால் கியர் தாமதமாகவும் கெட்டியாகவும் மாறும், வெளியே திருகினால் சீக்கிரமாகவும் மென்மையாகவும். மற்றதெல்லாம் சரியான பிறகு மட்டும் அதைத் தொடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு சுற்று போதும்.

டார்க்ஃபிளைட்டில் மாடுலேட்டர் கிடையாது. கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பிதான் அந்த வேலையைச் செய்கிறது. அதைக் கிக்டவுன் (ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் கீழ் கியருக்கு இறங்குவது) கம்பி என்று சொல்லிச் சொல்லியே, இல்லாவிட்டாலும் ஓட்டலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. அது இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். கார்புரேட்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது பெட்டியின் லீவர் தன் கடைசி எல்லையைத் தொட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு, யாராவது ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, கண்ணால் பாருங்கள்.

சீக்கிரமாக மாறுகிறது, வழவழவென்று போகிறது

ஓட்ட இது சுகமாகத் தெரியும், ஆபத்து இதில்தான் அதிகம். கம்பி அல்லது கேபிள் தளர்ந்திருந்தால், பாரம் இல்லை என்று நினைத்துப் பெட்டி அழுத்தத்தைக் குறைத்துவிடும். குறைந்த அழுத்தத்தில் பிளேட்டுகள் மெல்ல வழுக்கி எரியும். டார்க்ஃபிளைட்டிலும், 1982-இல் வந்த 700ஆர்4 போன்ற கேபிள் பெட்டிகளிலும் இது ஒரே பயணத்தில் பெட்டியைத் தீர்த்துவிடும். கேபிள் கழன்றிருப்பது தெரிந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இழுக்கும்போதும் பின்சக்கரம் ஓட்டும் வண்டியாக இருந்தால் பின்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது, இன்ஜின் நின்றிருக்கும்போது உள்ளே ஆயில் சுற்றாது.

முதல் கியரிலேயே நிற்கிறது

நன்றாகப் புறப்படுகிறது, இழுக்கிறது, மேலே மட்டும் போகவில்லை. கையால் லீவரை 1, 2, டி என்று நகர்த்தினாலும் மாறவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் கவர்னர். டர்போ 350-இல் இது பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வட்ட மூடிக்குள் இருக்கிறது, மூடியைக் கம்பிக் கிளிப் ஒன்று பிடித்திருக்கும். வெளியே எடுத்து அதன் நைலான் பல்சக்கரத்தைப் பாருங்கள். பல் தேய்ந்து மழுங்கியிருந்தால் கவர்னர் சுற்றாது, வேகச் செய்தி போகாது. அந்தப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் அது ஏன் தேய்ந்தது என்றும் பாருங்கள், கவர்னர் தன் துளையில் கையால் சுலபமாகச் சுற்ற வேண்டும்.

சி4-இலும் டார்க்ஃபிளைட்டிலும் கவர்னர் வெளி ஷாஃப்ட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்க வால் பகுதியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் வால்வு அழுக்கில் சிக்கியிருக்கும், சுத்தம் செய்தால் போதும். நீண்ட காலம் நின்ற வண்டியில் இது சகஜம்.

கிக்டவுன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு. டர்போ 400-இல் கிக்டவுன் மின்சாரத்தில் நடக்கிறது. ஆக்சிலரேட்டர் பக்கத்தில் ஒரு சுவிட்ச், பெட்டிக்குள் மின்சாரத்தில் இயங்கும் வால்வான ஒரு சொலினாய்டு. டெஸ்ட் லைட்டைப் பெட்டியின் கனெக்டரில் வைத்துக்கொண்டு, இன்ஜினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, பெடலை முழுக்க மிதியுங்கள். விளக்கு எரிய வேண்டும். பெடலைத் தொடாமலே எரிந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேக்குவம் சரியாக இருந்தும் கியர் எப்போதும் தாமதமாக மாறுவதற்கு அதுவே காரணம். டர்போ 350-இல் கிக்டவுனுக்குக் கேபிள், ஃபோர்டுகளில் கம்பி.

காலையில் டி போட்டால் நகரவே இல்லை

சில நொடி காத்திருந்தால் நகர்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. வாரக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கன்வெர்ட்டரில் இருந்த ஆயில், பெட்டியின் அடியில் இருக்கும் தட்டான பானுக்குள் இறங்கியிருக்கும். முதல்முறை நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓட விட்டுப் பிறகு கியர் போடுங்கள். இப்படி இறங்கிய ஆயிலால் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் கோட்டுக்கு மேலே காட்டும். கூடிவிட்டது என்று வடித்துவிடாதீர்கள்.

ஒரே இரவு நின்றதற்கே இப்படி என்றால் கிளட்ச் சீல்கள் காய்ந்து கெட்டியாகிவிட்டன. குளிரில் இறுகியிருக்கும் ரப்பர் சூட்டில் கொஞ்சம் இளகும், அதனால்தான் பிறகு சரியாகிறது. சீலை இளக்கும் மருந்துகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சூட்டில் நன்றாக இருந்து குளிரில் வழுக்குவது சீல். குளிரில் நன்றாக இருந்து சூடான பிறகு வழுக்குவது பெரும்பாலும் தேய்ந்த பம்ப் அல்லது உள் ஒழுக்கு, ஏனென்றால் சூடான ஆயில் தண்ணீராக இளகி இடுக்குகளில் ஓடிவிடும்.

ஒரு கியர் மட்டும் இல்லை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பெட்டியைத் திறக்காமலே உள்ளே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். டார்க்ஃபிளைட், சி4 இரண்டிலும் ஏற்பாடு ஒன்றே. ஒரு கிளட்ச் எல்லா முன் கியருக்கும் பொது. இன்னொரு கிளட்ச் மூன்றாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் பொது. முன் பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை) இரண்டாவது கியருக்கு. பின் பேண்ட் ரிவர்ஸுக்கும், லீவரைக் கையால் 1-இல் வைக்கும்போதும். டி-இல் முதல் கியரை ஒருவழிக் கிளட்ச் தாங்குகிறது, அது ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும்.

இனி கணக்குப் போடுங்கள். ரிவர்ஸும் இல்லை, மூன்றாவதும் இல்லை, முதலும் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றால், மூன்றாவதுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவான கிளட்ச் போயிருக்கிறது. ரிவர்ஸ் மட்டும் இல்லை, மூன்றாவது நன்றாக இருக்கிறது என்றால் பின் பேண்ட். உறுதிப்படுத்த, லீவரை 1-இல் வைத்து மெதுவாக இறக்கத்தில் இறங்கி ஆக்சிலரேட்டரை விடுங்கள். இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்காவிட்டால் அந்தப் பேண்ட்தான். டி-இல் முதல் கியர் வழுக்குகிறது, 1-இல் வைத்தால் பிடிக்கிறது என்றால் ஒருவழிக் கிளட்ச். இதை வைத்துக்கொண்டு இன்ஜினை முடுக்காதீர்கள். 727-இல் அது விடுபட்டால் உள்ளிருக்கும் டிரம் கட்டுமீறிய வேகத்தில் சுழன்று உடைந்து சிதறக்கூடும், அதற்கு மேலே உங்கள் கால் இருக்கிறது.

இரண்டாவது மட்டும் இல்லை, அல்லது முதலிலிருந்து இரண்டுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு முறை கத்திவிட்டுப் பிடிக்கிறது என்றால் முன் பேண்ட் தளர்ந்திருக்கலாம். இதை வெளியிலிருந்தே சரிசெய்யலாம். பெட்டியின் இடது பக்கத்தில் ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, 727-இலும் 904-இலும் ஸ்குரூவை 72 அங்குல-பவுண்டு வரை இறுக்கி, பிறகு சுமார் 2 சுற்று வெளியே திருப்ப வேண்டும். மாடலுக்கு மாடல் இது சற்று மாறும், உங்கள் கைநூல் சொல்வதே இறுதி. சி4-இல் இரண்டாவது கியருக்கான பேண்டை 10 அடி-பவுண்டு இறுக்கி 1¾ சுற்று திருப்ப வேண்டும், சி6-இல் 1½ சுற்று. ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஃபோர்டில் நட் புதிதாகப் போடுவது நல்லது, அதில்தான் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் சீல் இருக்கிறது. ஸ்குரூ இறுகாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் பேண்டோ அதைத் தாங்கும் துண்டோ உடைந்திருக்கிறது. டர்போ 350, 400-இல் இப்படி வெளியிலிருந்து திருப்ப ஸ்குரூ கிடையாது.

நியூட்ரலிலும் வண்டி முன்னால் நகர்ந்தால் முதலில் லீவர் கம்பியின் சரிக்கட்டலைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் நகர்ந்தால் எல்லா முன் கியருக்கும் பொதுவான கிளட்ச்சின் பிளேட்டுகள் எரிந்து ஒட்டிக்கொண்டுவிட்டன.

டங் என்று இடிப்பது, எடுப்பு இல்லாதது, ஊளை

டி அல்லது ரிவர்ஸ் போடும்போது டங் என்று இடித்தால் ஐடிலிங் வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர். கியர்பாக்ஸுக்குள் போகவே தேவையில்லை.

புறப்படும்போது வண்டி சோர்ந்து நகர்கிறது, வேகம் பிடித்த பிறகு நன்றாகப் போகிறது, இன்ஜினிலும் குறை இல்லை என்றால் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் சக்கரமான ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிக்கவில்லை. கன்வெர்ட்டரை மாற்றுவதுதான் வழி. பிரேக்கை மிதித்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனையை ஐந்து நொடிக்கு மேல் செய்யாதீர்கள், ஆயில் கொதித்துவிடும். பழைய பிரேக்குள்ள வண்டியில் நான் அதைச் செய்வதே இல்லை.

நியூட்ரல் உட்பட எல்லா நிலையிலும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் பெரும்பாலும் ஃபில்டர் அடைப்பு. பம்ப் மூச்சுத் திணறுகிறது.

பானைக் கழற்றுவதற்கு முன்

இத்தனையும் பார்த்துத் தீரவில்லை என்றால் அழுத்தக் கேஜ் மாட்டுங்கள். பெட்டியின் பக்கத்தில் சின்னச் சோதனை பிளக் இருக்கும். சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு வரை காட்டும் கேஜ் வேண்டும், ரிவர்ஸில் அழுத்தம் 200-ஐத் தாண்டும். எல்லாக் கியரிலும் குறைவு என்றால் ஃபில்டர், பம்ப், அழுத்த வால்வு. ஒரே கியரில் மட்டும் குறைவு என்றால் அந்தக் கிளட்ச்சின் சீல் ஒழுகுகிறது. அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது.

பிறகு பான். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிற்க வைத்து அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஆயில் ஆறட்டும். பானின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சேறு படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றி மூடலாம். கறுப்பாகக் காகிதச் சிதிலம் இருந்தால் கிளட்ச் பிளேட். பித்தளைத் துகள் மின்னினால் ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துண்டுகள் என்றால் பேரிங்கோ ஒருவழிக் கிளட்ச்சோ பல்சக்கரமோ உடைந்திருக்கிறது, அப்போது பெட்டியை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கினால் ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவாமல் புதுப் பெட்டியை மாட்டாதீர்கள், பழைய துகள் அத்தனையும் அங்கேதான் தங்கியிருக்கும்.